ஒற்றை ஆள் தனிக்குடித்தனம்

பிளாஸ்டரில் வார்த்த மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பித்தளைக் கீலில் மாட்டி, காதருகே கொண்டுபோய், டக், டக், டக் என்று மூடித் திறந்து கேட்கிறார். மூன்றாவது தட்டலில் ஏதோ உறுத்துகிறது. மெழுகில் நட்டிருக்கும் கடைவாய்ப் பல் ஒன்றைச் சூடான கத்தி முனையால் மயிரிழை அளவு உள்ளே தள்ளுகிறார். மறுபடி டக், டக், டக். முகம் மலர்கிறது. "இப்பத்தான் ஒழுங்கா பேசுது" என்கிறார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும்.

பல் மருத்துவமனையின் பின்புறம், ஒரே ஒரு சன்னல் உள்ள அறையில் உட்கார்ந்து, இருபது வருடத்துக்கு மேலாக அவர் பல் செட் செய்கிறார். அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள். சட்டைப்பை ஓரத்தில் எப்போதும் ஈறு வார்க்கிற ரோஸ் நிறப் பொடி. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முகத்தைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். ஆளின் பெயர் நினைவுக்கு வராது. 'மேல் வரிசை முழுசு, கீழே நாலு' என்பது உடனே வந்துவிடும்.

"ஊர் வாயில விழறதுதானே நம்ம தொழில்" என்பது அவருடைய வழக்கமான பேச்சு. அடுத்த வரியும் தயாராக இருக்கும். "ஊரே சிரிக்குதுன்னா அதுக்கு நான்தான் காரணம்." சொல்லி முடிப்பதற்குள் முதல் ஆளாக அவரே சிரித்துவிடுவார். அவருடைய சொந்தப் பற்கள் கொஞ்சம் கோணல். அதைச் சுட்டிக்காட்டினால், "விளம்பரத்துக்கு வச்சிருக்கேன். 'செய்யறதுக்கு முன்னாடி' படம் நான்தான்" என்பார்.

வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. காரணம் கேட்பவர்களுக்கு ஒரு கதை சொல்வார். "ஒருத்தங்களை ரொம்பப் பிடிச்சிருந்தது. நல்லாப் பேசிக்கிட்டிருந்தோம். நடுவுல, உங்க மேல் வரிசையில இடது பக்கம் ஒரு பல்லு கொஞ்சம் திரும்பியிருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவங்க முகத்தையே திருப்பிக்கிட்டாங்க." கதையின் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை அவர் சொல்வதில்லை.

அப்பா கட்டிய வீட்டில், அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர். அவர்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். கூடத்துச் சோபாதான் அவளுக்குப் படிப்பறை, படுக்கையறை, கோபம் வந்தால் கோட்டை. அம்மா போன அடுத்த வருடம் அண்ணி இந்த வீட்டுக்கு வந்தார். அப்போது நம் ஆளுக்குப் பதினைந்து வயது. அன்று மாலை தட்டில் சாப்பாடு போட்டு அண்ணி "தம்பி, சாப்பிட வா" என்று கூப்பிட்டார். அவரும் போய் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தவர்தான், இருபத்தெட்டு வருடம் எழுந்திருக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"நான் தனிக்குடித்தனம் போகப்போறேன்."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரோட?"

"என்னோடதான்."

"உனக்கும் உனக்கும் ஒத்துப்போகுமாடா?"

மகள் புரைக்கேறும்படி சிரித்தாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குவளையை மகள் பக்கம் நகர்த்திவிட்டு, "சாப்பிடும்போது என்ன பேச்சு" என்றார்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் சண்டையைத் தேடினார்கள். சொத்தா, சாப்பாடா, அண்ணி ஏதாவது சொன்னாளா என்று பல்லில் போட்டு மென்றார்கள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மைக் காரணம் ஒரு சோப்பு.

பல் செட் வார்க்கும் புதுவகைப் பிசின் ஒன்றைப் பழகிக்கொள்வதற்காக டாக்டர் அவரை வெளியூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். தங்கிய அறையில் சோப்பு இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்.

"ஒரு சோப்பு கொடுங்க."

"எந்த சோப்பு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். பெயர் தெரியவில்லை. தினமும் தேய்த்துக் குளிக்கிற சோப்பு. கையில் எடுத்தால் தெரியும், மூக்கில் பட்டால் தெரியும். பெயர் தெரியாது. "அது பச்சையா இருக்குமே" என்றார். கடைக்காரர் ஏழெட்டுப் பச்சைச் சோப்புகளை எடுத்துப் பரப்பினார். நம் ஆள் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார். பின்னால் நின்றவர்கள் நகர்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் கடைக்காரர் இரக்கப்பட்டு, "வீட்ல யாருக்காவது போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றார்.

அந்த ஒரு சொல் குத்திவிட்டது. அன்று சோப்பு இல்லாமலே குளித்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தனக்குத் தெரியாதவை இன்னும் என்னென்ன என்று யோசித்தார். தலையணை உறை எங்கிருந்து வருகிறது? சட்டைப் பித்தான் அறுந்தால் மறுநாள் எப்படி முளைக்கிறது? "ஊர்ல பாதிப் பேரோட தாடை அளவு எனக்குத் தெரியும். என் சட்டை அளவு தெரியாது. அண்ணி எடுத்துக் கொடுப்பாங்க, கையை நுழைச்சுப்பேன்" என்று பிற்பாடு மருத்துவமனை நர்சிடம் சொல்லிச் சிரித்தார். குளித்த அன்று சிரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் வீடு தேட ஆரம்பித்தார். முதல் இரண்டு இடத்தில் ஒற்றை ஆள் என்றதும் கதவைப் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது இடம், ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சரின் மாடி அறை. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு மேடை, தெருவைப் பார்த்த சன்னல். டீச்சர் நாற்காலியைப் போட்டு விசாரணை நடத்தினார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பல் செட் பண்றேன்."

டீச்சர் சட்டென்று உதட்டைக் கூட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார்.

"இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?"

"எங்க வீட்லதான்."

"வெளியே போகச் சொல்லிட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு இங்க?"

'சோப்பு வாங்கத்தான்' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "தனியா இருந்து பழகலாம்னு" என்றார்.

"சமைக்கத் தெரியுமா?"

"சாப்பிடத் தெரியும்."

"ராத்திரியில யாராவது வந்துபோவாங்களா?"

"நானே வருவேனான்னுதாங்க எனக்குச் சந்தேகமா இருக்கு."

டீச்சர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். நம் ஆள் பார்த்துவிட்டார்: கீழ் வரிசை, வேறு யாரோ செய்தது, வேலை சுமார். வாயைத் திறக்காமல் இருந்தது அவர் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். சாவி கிடைத்தது.

"தனியா இருக்கறதுல பழகறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல" என்று டீச்சர் மாடிப்படி வரை வந்து சொன்னார். "முதல் ஒரு வாரம் சுவர் பேசும். அப்புறம் நாம பேச ஆரம்பிச்சுடுவோம்."

சாவியை வாங்கிக்கொண்டு நேராக அங்கே குடிபோயிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீளாது. அவர் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தார். தன் அறைக்குள்ளேயே ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வாழ்வது என்று திட்டம். மின்சார அடுப்பு ஒன்று வாங்கி மேசைமேல் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுக்கு வெளியே உள்ளது வேறு வீடு என்று நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு, முட்டை அவிக்க வைத்துவிட்டுத் தினசரியைப் பிரித்தார். செய்தி சுவாரசியமாக இருந்தது. தண்ணீர் வற்றியது அவருக்குத் தெரியவில்லை. கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றார், தனி வீட்டுக்காரரின் மிடுக்கோடு.

"சார், பக்கத்து வீட்லேர்ந்து வர்றேன்" என்றாள் அண்ணன் மகள், வெளியே நின்றபடி. "உங்க வீட்லேர்ந்து புகை வருது சார்."

"அப்படியா? என்ன விஷயம்னு பாக்கறேன்" என்று அவர் திரும்புவதற்குள் முட்டை வெடித்தது. பாதி கூரையில் ஒட்டிக்கொண்டது. அண்ணி துடைப்பத்தோடு வந்து, கூரையையும் கொழுந்தனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலிமேல் ஏறினார்.

இரண்டாவது ஞாயிறு துணி துவைத்தார். வெள்ளை அங்கிகளோடு சிவப்புத் துண்டு ஒன்றையும் சேர்த்து ஊறப்போட்டார். திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனதும் டாக்டர் மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க, ஈறு கலர்ல வந்து நிக்கறீங்க?" அந்தக் கேலியை நம் ஆள் அன்றைக்கே ஊர் முழுக்கத் தானே பரப்பிவிட்டார். தன்னைப் பற்றிய எந்தக் கேலியையும் அடுத்தவர் வாயிலிருந்து வருவதற்குமுன் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அதில் அவருக்குப் பெரிய பிடிவாதம்.

இப்படி ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. சாவி சட்டைப்பையிலேயே கிடந்தது. டீச்சர் ஒருதரம் போன் செய்து, "அறையில பல்லி குடிவந்துடுச்சு. நீங்க எப்ப?" என்று கேட்டார்.

உண்மையில் அவர் ஒன்றுக்காகக் காத்திருந்தார். யாராவது தடுக்க வேண்டும். 'போகாதே' என்று ஒரு வார்த்தை. அதற்குச் சொல்லவேண்டிய பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். "இல்ல அண்ணி, தடுக்காதீங்க. மனுஷன்னா ஒருநாள் தன் கால்ல நிக்கணும்" என்று அலமாரியில் உள்ள தாடைகளிடம் பேசிப் பார்த்தார். தாடைகள் வாய் பிளந்து கேட்டன. பிறகு அண்ணி கண் கலங்குவார், அண்ணன் 'டேய், வேண்டாம்டா' என்பார், இவரும் பெருந்தன்மையோடு, சரி, உங்களுக்காக என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தக் கணக்குப்படி எல்லாருக்கும் மரியாதை.

ஆனால் அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. அண்ணன், "வேன் எந்தக் கிழமை வேணும்னு முன்னாடியே சொல்லிடு, சனிக்கிழமைன்னா வசதி" என்றார். அண்ணன் மகளோ ஒருநாள் காலை அவர் படுத்திருக்கும்போதே அளவு நாடாவோடு அறைக்குள் வந்து, "சித்தப்பா, காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க" என்று சொல்லிச் சன்னலை அளந்தாள். சாயந்திரம் பார்த்தால் அண்ணியின் மெஷினில் மஞ்சள் திரைச்சீலை ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக அவர் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அந்த வீடு ஓடுவதே தன்னால்தான் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. தினமும் எல்லாரும் படுத்த பிறகு சமையலறைக்குப் போய், அண்ணி மூட மறந்த கேஸ் சிலிண்டர் திருகை மூடுவார். வாசல் கேட்டைப் பூட்டுவார். காலையில் எழுந்ததும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சுவிட்சைப் போடுவார். 'நான் ஒருநாள் இல்லன்னா இந்த வீடு வெடிச்சுடும், இல்ல திருட்டுப் போயிடும், இல்ல வறண்டுடும்' என்று மருத்துவமனையில் சொல்லிக்கொள்வார். இந்தப் பொறுப்புகளை முறைப்படி ஒப்படைக்கும்போது தான் எவ்வளவு பெரிய தூண் என்று அவர்களுக்கு உறைக்கும், அப்போது தடுப்பார்கள்.

ஒரு ஞாயிறு காலை டீ குடிக்கும்போது மூவரையும் உட்காரவைத்தார்.

"முதல்ல கேஸ். அண்ணி, உங்களைக் குறை சொல்லல. ஆனா இத்தனை வருஷத்துல நீங்க ஒருநாள்கூடத் திருகை மூடினதில்ல. நான்தான் வந்து மூடறேன். இனிமே யாராவது..."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். அவரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லிடு" என்றார் அண்ணன்.

"தம்பி" என்றார் அண்ணி மெதுவாக, "நான் தினமும் மூடிட்டுத்தான் படுக்கப்போறேன். நீ வந்து திறந்துட்டுப் போற."

அவர் கை காற்றில் ஒரு திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிப் பார்த்தது.

"அப்புறம்?" என்றார் அவர்.

"அப்புறம் நீ படுத்ததும் நான் எழுந்து வந்து மூடுவேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டு?"

"பூட்டுவே. ஆனா பாதி நாள் பூட்டு ஒரு வளையத்துல மட்டும் தொங்கும். நான் ஒரு தடவை போய் இழுத்துப் பாத்துட்டு வருவேன்" என்றார் அண்ணன், தன் டம்ளருக்குள் பார்த்தபடி.

மிச்சம் இருந்தது மோட்டார். அவர் கேட்கவில்லை. அண்ணன் மகளே சொன்னாள். "சித்தப்பா, தானா ஓடற மோட்டார் மாட்டி ரெண்டு வருஷமாச்சு. நீங்க போடற சுவிட்சுக்குக் கரண்ட்டே கிடையாது. கழட்டினா சுவர்ல ஓட்டை தெரியும்னு விட்டு வச்சிருக்கோம்."

இப்படிப்பட்ட நேரத்தில் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக, கண்ணில் நீர் வரும்வரை, "அப்ப நான் வெடிக்க வைக்கறதுக்குத்தான் இருபது வருஷமா முயற்சி பண்ணியிருக்கேன்!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மற்ற மூவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவர் அண்ணி. அவர் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பட்டறையில் ஒரு பாட்டியம்மாவுக்கான மேல் வரிசையை அடுக்கினார். டாக்டர் எடுத்துப் பார்த்துவிட்டு அறை வாசலுக்கு வந்தார். வலது கோரைப்பல் இடப்பக்கமும், இடது கோரைப்பல் வலப்பக்கமும் நட்டிருந்தன. இந்தத் தப்பை அவர் வேலை கற்ற காலத்தில்கூடச் செய்ததில்லை.

"இது யார் வாய்க்குங்க?" என்றார் டாக்டர்.

"எனக்காத்தான் இருக்கும் டாக்டர். வாய் கோணிப் பேசறவன் நான்தானே" என்றார். ஆனால் கத்தியின் முனைக்குப் பதில் கைப்பிடியைத் தீயில் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குச் சீக்கிரம் கிளம்புங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வேனோடு வெளியே போயிருந்தார். மகள் இன்னும் வரவில்லை. அண்ணி மெஷினில் உட்கார்ந்து மஞ்சள் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நம் ஆள் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"ஏன் அண்ணி இத்தனை வருஷமா சொல்லல?"

மெஷின் நிற்கவில்லை. "எதை?"

"கேஸை."

"சொன்னா வேற ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுப்ப. அதுக்கும் நான்தானே பின்னாலயே வரணும்? இதுன்னா எனக்குப் பழகிப்போச்சு." நூலைக் கத்தரித்தார். "அதுவும் இல்லாம, அதைத் திருகிட்டுப் போய்ப் படுத்தாத்தான் உனக்குத் தூக்கம் வரும்."

அவர் காலால் தரையைத் தேய்த்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார் அண்ணி. இப்போது மெஷின் நின்றிருந்தது. "நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஐயோ, குறையெல்லாம் இல்ல அண்ணி." எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சோப்புக் கதையைச் சொன்னார். வழக்கமான கைவீச்சு, குரல் மாற்றம் எதுவும் இல்லாமல், தலை குனிந்துகொண்டு சொன்னார். கடைக்காரர் வீட்டுக்குப் போன் போடச் சொன்னதையும் சொன்னார்.

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே. அதுக்கா வீட்டை விட்டுப் போறே?"

"கேக்க வெக்கமா இருந்தது."

அண்ணிக்கு உதட்டோரம் துடித்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று அவருக்குப் புரியவில்லை. துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அண்ணி கேட்டார்: "நான் போகாதேன்னு சொல்லணும்னுதானே காத்துக்கிட்டிருக்க?"

தாடைகளிடம் பேசிப் பழகிய வசனம் ஒன்றுகூட வரவில்லை.

"சொல்லமாட்டேன் தம்பி."

"ஏன் அண்ணி?"

"சொன்னா நீ இருந்துடுவே."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் ஓடியதும், அதன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "எனக்கும் கால் வலிக்குது. எத்தனை நாளைக்கு எழுந்து எழுந்து உன் பின்னாடி நடக்கறது?" என்றார். பிறகு, "இது அவளுக்கு. உனக்கும் ஒண்ணு வேணும்னா அந்த ரூம் சன்னலை அளந்துட்டு வா. குத்துமதிப்பாச் சொல்லாதே, பல்லு அளக்கறமாதிரி அளந்துட்டு வா" என்றார்.

அவர் போய் அளந்துகொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட வேன் வாசலுக்கு வந்தது. பின் இருக்கை இரண்டை மடித்ததும் அவருடைய நாற்பத்து மூன்று வருடமும் அதில் அடங்கிவிட்டது: ஒரு மெத்தை, இரண்டு பெட்டி, மின்சார அடுப்பு, மேசை விளக்கு, யாரும் வாங்கிக்கொள்ள வராத ஒரு பழைய பல் செட். அதைத் தெருவில் நின்றவர்களிடம் காட்டி, "வீட்ல பேச்சுத் துணைக்கு" என்றார். எதிர் வீட்டுச் சிறுமி, "நீங்க ஸ்கூலுக்கா போறீங்க?" என்று கேட்டாள். "ஆமா, ஒண்ணாங் கிளாஸ்" என்றார்.

வீட்டுச் சாவியை அண்ணன் மகளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி உடனே பையில் போட்டுக்கொள்ளாமல், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, கூரையில முட்டை ஒட்டின இடத்துல கறை போகல. அப்படியே இருக்கட்டும்" என்றாள். வேனில் ஏறித் தலையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி கேட்டுவரை வந்தார். அவசரமாகக் கொடுக்கவேண்டிய தையல் இருப்பதாகச் சொல்லி வேனில் ஏறவில்லை. மடித்த திரைச்சீலையைச் சன்னல் வழியாக நீட்டி, "பார்த்துப் போ" என்றார். பத்து நிமிட நடைதூரத்துக்கு அந்தச் சொல் கொஞ்சம் பெரியதுதான். யாரும் கேலி செய்யவில்லை.

அண்ணன் வண்டியை எடுக்குமுன், பழக்கதோஷத்தில், கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து உரக்கக் கேட்டார்: "எல்லாரும் உக்காந்தாச்சா?"

"உக்காந்தாச்சு" என்றார் தம்பி.

முதல் வாரத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார். சாதம் வைத்தது, அது பசையானது, அதை வைத்துத் திரைச்சீலைக் கம்பியின் ஆணி ஓட்டையை அடைத்தது, நன்றாகப் பிடித்துக்கொண்டது. பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்தது, டீச்சர் மாற்றுச் சாவியோடு வந்து "இது முதல் தடவை, மன்னிச்சாச்சு" என்றது. சுவர் பேசியதா என்று டீச்சர் கேட்டபோது, "பேசலைங்க. நான் பேச விட்டாத்தானே?" என்றது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கால் தானாகப் பழைய தெருவுக்குத் திரும்பி, பாதி தூரம் போய், ஏதோ கடையில் வேலை இருப்பவர்போல் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பியதை மட்டும் சொல்லமாட்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணி போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட வந்துடு."

"சரி அண்ணி" என்று வைத்த பிறகுதான் அவருக்குத் தோன்றியது: அந்த வீட்டுக்கு வா என்று அவரை யாரும் இதுவரை அழைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். ஒரு கை மடிப்பு நேராகவும் மறு கை மடிப்பு எங்கேயோ பார்த்துக்கொண்டும் இருந்தது. விருந்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்று பிஸ்கட் பெட்டி ஒன்று வாங்கினார். கேட்டைத் திறந்துகொண்டு வாசற்படி ஏறினார். கதவு சாத்தியிருந்தது. கை, வழக்கம்போல், சட்டைப்பைக்குள் போய் வெறுமையாகத் திரும்பியது.

கதவைத் தள்ளிப் பார்க்கலாம். குரல் கொடுக்கலாம். தையல் மெஷின் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் பெல் அடிப்பது என்று முடிவு செய்தார். ஆனால் பெல் எங்கே? பிறந்ததிலிருந்து இந்த வீட்டுக்குள் அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். வெளியே நின்று அடித்ததில்லை. கதவின் வலப்பக்கச் சுவரைத் தடவினார், இல்லை. இடப்பக்கம் மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே பார்த்தார், இல்லை. பிஸ்கட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுபவர்போல் இரண்டு கையாலும் சுவரை மேலும் கீழும் துழாவினார். சன்னலுக்குக் கீழே, சுவரோடு சேர்த்து வர்ணம் அடித்துவிட்ட ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினார்.

உள்ளே எங்கோ தொலைவில் மணி அடித்தது. தையல் மெஷின் நின்றது. காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டிக் கதவை நோக்கி வந்தது. அவர் மிதியடியில் இரண்டு காலையும் ஒருதரம் துடைத்துக்கொண்டு, தலைமுடியை உள்ளங்கையால் படியவைத்து, அவசர அவசரமாகச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.